அப்பா உட்கார்ந்துட்டார்

அத்தியாயம் பதினெட்டு

யுகாவின் நிச்சயதார்த்தத்துக்குச் சபாபதி மாஸ்டரை அழைத்து வருவதா வேண்டாமா என்று போன வாரம் முழுக்க வீட்டில் பட்டிமன்றம் நடந்ததே, அதில் கடைசியில் ஜெயித்தவர் மாஸ்டர்தான்.

"பேத்தி நிச்சயத்துக்கு வராம நான் எதுக்கு உசுரோட இருக்கேன்?" என்று போனில் ஒரே ஒரு கேள்வி. மகள் மலர்விழியும் மகன் சுகுமாறனும் கப்சிப்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் மாஸ்டர். கிள்ளானில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர். மனைவி தனலெட்சுமி போன பிறகு பண்டமாரான் வீட்டில் தனியாக இருந்து, அடுப்பை அணைக்க மறந்து, இதய மாத்திரையை இரண்டு தடவை விழுங்கி, பிள்ளைகளின் வயிற்றில் புளியைக் கரைத்தவர். இருவரும் மாறி மாறிக் கூப்பிட்டும் மசியவில்லை. "குமுதா நடத்துற ஹோமுக்குப் போறேன். அவ என்கிட்ட கத்துக்கிட்ட பிள்ளை" என்று தாமே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

குமுதா முன்னாள் நர்ஸ். ஓட்டுநர் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்று, மாஸ்டரின் பொறுமையைச் சோதித்து, ஒருவழியாகப் பாஸானவள். இன்று கிள்ளானில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்துப் பத்துப் பன்னிரண்டு முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறாள். மாஸ்டரை இன்னமும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள்.

மலர்விழிக்கு ஒரு சொல் ஆகாது. பங்சாரில் அவள் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்து, "அம்மா குளியலறையில விழுந்துட்டாங்க" என்றாள். பண்டமாரான் போய்ச் சேர்வதற்குள் அம்மா இல்லை. அன்றிலிருந்து அந்தச் சொல் மலர்விழியின் வாயில் வருவதே கிடையாது. அதிர்ஷ்டக் குலுக்கலில் யாருக்காவது பரிசு விழுந்தால்கூட 'கிடைத்தது' என்றுதான் சொல்வாள். அலுவலகத்தில் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

இன்று அவளுடைய ஒரே மகளுக்கு நிச்சயதார்த்தம்.

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் காலையிலேயே கூட்டம் கூடிவிட்டது. மாப்பிள்ளை விமலனின் அம்மா உஷாராணி நல்ல மனுஷிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் சகுனம் என்று வந்துவிட்டால் மட்டும் வேறு ஆளாக மாறிவிடுவாள். வாசற்படியில் கால் வைக்கும்போதே, "சம்பந்தி, இன்னிக்கு எல்லாரும் நல்ல பேச்சாவே பேசணும், சரியா?" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிப்பு உதட்டில் மட்டும்தான் இருந்தது.

"அப்பா எங்கடா?" என்று மலர்விழி தம்பியைக் கேட்டபோது அவன் கையில் ஒரு பெரிய கேக் பெட்டி.

"கேக்கு லேட்டாயிடுச்சுக்கா. சுபாங் ஜெயாவிலேர்ந்து கிள்ளான் போயி, அங்கேர்ந்து இங்க வர்றதுன்னா, ஹைவே ஃபுல்லா ஜேம். அதான் நேரா வந்துட்டேன்."

"அவரு ரெடியாகி உட்கார்ந்திருப்பாரேடா!"

"சாப்பாடு முடிஞ்சதும் நானே போயி கூட்டிட்டு வரேன்லா. வந்தவங்களப் பாரு, போ."

"போன் பண்ணிச் சொன்னியா?"

"பண்றேன், பண்றேன்."

பண்ணவில்லை. பெட்டியை வைக்க இடம் தேடினான், யாரோ ஐஸ் வாங்க அனுப்பினார்கள், அப்புறம் மறந்தே போனான்.

தட்டு மாற்றுகிற நேரம் மலர்விழியின் இடுப்பில் செருகியிருந்த கைப்பேசி நடுங்கியது. குமுதா. நாதஸ்வரத்தை ஒலிபெருக்கியில் வைத்துக் காதைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"மலரு, நான் குமுதா. பயப்படாத, என்ன? அப்பா உட்கார்ந்துட்டார்மா."

"என்னக்கா? கேக்கல!"

"அப்பா உட்கார்ந்துட்டார். வாசல்ல."

பட்டு வேட்டியும் புதுச் சட்டையுமாகக் கேட்டைப் பார்த்து நின்று நின்று, கால் கடுத்து, கடைசியில் நாற்காலியில் சாய்ந்துவிட்ட அப்பா அவள் கண்ணுக்கு முன்னால் வந்தார். பாவம் என்றிருந்தது. தம்பிமேல் கோபம் கோபமாக வந்தது.

"நின்னுக்கிட்டே இருந்திருப்பாருக்கா, அதான். உட்காரட்டும். சட்டைய மாத்திவிட்டு உள்ள படுக்க வைங்க."

அந்தப் பக்கம் கொஞ்சம் தயக்கம். "அப்போ வேற ஒண்ணும் செய்ய வேணாமா?"

"ஒண்ணும் வேணாம்கா. ரெஸ்ட் எடுக்கட்டும். இங்க முடிஞ்சதும் நானே வரேன்."

"சரிம்மா. நல்ல காரியத்துல நிக்கிற. நீ போய்ப் பாரு."

போனை வைத்த பிறகு மலர்விழிக்கு மனதில் ஏதோ ஒன்று இடறியது. என்னவென்று பிடிபடவில்லை. அதற்குள் உஷாராணி, "சம்பந்தி, தட்டு!" என்று கூப்பிட்டுவிட்டாள்.

தட்டு மாற்றினார்கள். விமலன் மோதிரத்தைத் தவறான விரலில் போடப் போய், கூட்டமே சிரித்தது. யுகா வெட்கப்பட்டுச் சிரித்தபோது அப்படியே பாட்டி தனலெட்சுமியின் சாயல். மலர்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா பார்த்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

*

சாப்பாடு முடிந்து சம்பந்தி வீட்டார் மலர்விழியின் வீட்டுக்குத் தேநீருக்குக் கிளம்பினார்கள். கணவன் லோகனிடம் அவர்களை ஒப்படைத்துவிட்டு, அக்காவும் தம்பியும் கிள்ளானுக்குப் புறப்பட்டார்கள். அப்பாவுக்கு வாழையிலையில் மடித்த சாப்பாடு, தனி டப்பாவில் பாயாசம், ஒரு துண்டு கேக். எல்லாம் மலர்விழியின் மடியில்.

சுகுமாறன் இன்னமும் கிளட்ச் வைத்த பழைய கார்தான் ஓட்டுகிறான். மிதிப்பதைப் பார்த்தால் எறும்பை நசுக்குகிற மாதிரி இருக்கும். கியர் மாறும்போதெல்லாம் கார் ஒரு தரம் முனகும்.

"அப்பா இருந்தா இந்நேரம் திட்டியிருப்பாரு" என்றாள் மலர்விழி.

"திட்டுறதா? பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு அவரு பிரேக்க மிதிப்பாரு."

இருவரும் சிரித்தார்கள். கற்றுக்கொடுக்கிற காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அந்தப் பழக்கத்தில் யாருடைய காரில் ஏறினாலும், இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வருவார். மலர்விழிக்கும் அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது. இப்போதும் மிதித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அப்பா கோவமா இருப்பாரோ?" என்றான் சுகுமாறன்.

"பாயாசத்தக் காட்டுனா போயிடும்."

தெருமுனை திரும்பியதும் சிரிப்பு நின்றது. குமுதாவின் ஹோம் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. பின்கதவுகள் திறந்திருந்தன.

ஹோம் என்றால் ஆம்புலன்ஸ் வரும் போகும், அங்கே இருப்பவர்கள் எல்லாம் வயசானவர்கள் என்று மலர்விழி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே ஓடினாள். பாயாச டப்பா கார் சீட்டில் கவிழ்ந்தது அவளுக்குத் தெரியாது.

மாஸ்டர் தூக்குப்படுக்கையில் கிடந்தார். கழுத்தைச் சுற்றிப் பட்டை மாட்டியிருந்தார்கள். சட்டையை மாற்றியிருந்தாலும் இடுப்பில் அதே பட்டு வேட்டி. வாய் லேசாகத் திறந்திருந்தது. உரத்த குறட்டை. தூங்குகிறவரின் குறட்டை போல அது இல்லை.

"அப்பா! அப்பா, மலரு வந்திருக்கேன்!"

கண் இமைகூட அசையவில்லை.

ஆம்புலன்ஸ்காரர், மலாய்க்கார இளைஞர், மாஸ்டரின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் குமுதாவைக் கேட்டார். "புவான், பிலா டியா ஜாத்து?"

"பாகி தாடி" என்றாள் குமுதா. காலையில்.

மலாயில் கேட்டதால் அந்தச் சொல் மலர்விழியின் நெஞ்சுக்குள் போய்ச் சேரச் சற்று நேரம் பிடித்தது. ஜாத்து. விழுந்தார். எப்போது விழுந்தார் என்று கேட்கிறார். காலையில் என்கிறாள் இவள்.

சுகுமாறன் அதற்குள் ஆம்புலன்ஸில் ஏறி அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சாவியை அக்காவிடம் எறிந்தான். "பின்னாடியே வா!"

கதவு மூடியது. உள்ளே வேலைக்காரப் பெண்ணிடம் மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் குமுதா செருப்பை மாட்டினாள். கேட்காமலேயே வந்து காரில் ஏறிக்கொண்டாள்.

*

முன்னால் ஆம்புலன்ஸின் சைரன். பின்னால் மலர்விழி. தம்பியின் கிளட்ச் அவள் காலுக்கு இறுக்கமாக இருந்தது.

"விழு..." சொல் பாதியில் நின்றது. "அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு நீங்க ஏன்கா என்கிட்ட சொல்லல?"

குமுதா திரும்பிப் பார்த்தாள். "சொன்னேனேம்மா."

"உட்கார்ந்துட்டார்னு சொன்னீங்க!"

"ஆமா. உட்கார்ந்துட்டார்னுதான் சொன்னேன்." குமுதாவின் குரல் தாழ்ந்தது. "அப்படிச் சொல்லச் சொன்னதே நீதானேம்மா."

சிவப்பு விளக்கு. மலர்விழி பிரேக்கை மிதித்தாள். கார் முனகி நின்றுபோனது.

மாஸ்டர் ஹோமுக்கு வந்த புதிதில் ஒரு நாள் கட்டிலிலிருந்து இறங்கும்போது வழுக்கினார். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் குமுதா முறைப்படி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள், பிறகு மலர்விழிக்குப் போன் செய்தாள். "மாஸ்டர் விழுந்துட்டார்மா" என்று அவள் சொன்ன நிமிஷம் மலர்விழி அலுவலகத்தில் மயங்கிச் சரிந்தாள். அப்பா நாள் முழுக்க ஆஸ்பத்திரி நடைவழியில் படுத்துக்கிடந்து, ஒன்றுமில்லை என்று திரும்பி வந்து, இனிமேல் என்னைச் சவம் மாதிரி தூக்கிக்கொண்டு போகாதீர்கள் என்று கத்தினார்.

மறுநாள் ஹோம் வாசலில் நின்றுகொண்டு மலர்விழி குமுதாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "அக்கா, அந்த வார்த்தைய மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க. என் நெஞ்சு நின்னுடும். வேற மாதிரி சொல்லுங்க. உட்கார்ந்துட்டார்னு சொல்லுங்க, நான் புரிஞ்சுக்குவேன். ஆம்புலன்ஸு கூப்பிடுறதுக்கு முன்ன எனக்கு ஒரு போன் போடுங்க."

குமுதா அன்று சிரித்தாள். "உட்கார்ந்துட்டார். சரிம்மா, அப்படியே சொல்றேன்."

அதற்கு அப்புறம் அப்படி ஒரு போன் வர வாய்ப்பே அமையவில்லை. மாஸ்டர் நன்றாகத்தான் இருந்தார். கேட்டவள் மறந்துபோனாள். சரி என்றவள் நினைவில் வைத்திருந்தாள்.

பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். விளக்கு பச்சையாகி எவ்வளவு நேரமாயிற்றோ. மலர்விழி காரைக் கிளப்பினாள்.

"நான் படுக்க வைங்கன்னு சொன்னேன்" என்றாள்.

"ஆமாம்மா."

"ஒண்ணும் வேணாம்னு சொன்னேன்."

குமுதா கொஞ்ச தூரம் போன பிறகு பேசினாள். "நீ மட்டும் இல்ல. மாஸ்டரு 'தலையில ஒண்ணும் படல, இடுப்புதான்'னு சத்தியம் பண்ணாரு. நிச்சயத்துக்குப் போகணும்னு அவருக்கு ஒரே அவசரம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவரு. நான் நர்ஸா இருந்தவ மலரு. மகள் என்ன சொன்னாலும், அவரே என்ன சொன்னாலும், அனுப்பியிருக்கணும். எனக்குத் தெரியாதா? நீ அவ்வளவு நிதானமா சொன்னியா, நானும் மனசத் தேத்திக்கிட்டேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "தூங்குறாரு, தூங்குறாருன்னே இருந்துட்டேன். எழுப்பிப் பாத்தா எழும்பல."

ஆஸ்பத்திரி வளைவு தெரிந்தது.

"தம்பிக்கு நான் போன் பண்ணது தெரியுமா?" என்று குமுதா கேட்டாள்.

"தெரியாது."

"தெரிய வேணாம். அவரு முன்கோபக்காரரு. அக்கா தம்பி மனசு முறிஞ்சுடக் கூடாது. என் தப்பாவே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்."

மலர்விழி ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் அக்கா என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சமயத்தில் அவளுக்கு அது வாய்க்குள் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது என்பதுதான் உண்மை. அதற்காக அவள் பிற்பாடு எத்தனையோ தடவை வெட்கப்பட்டாள்.

*

அவசரப் பிரிவுக்கு வெளியே சுகுமாறன் கூண்டுப் புலியாக நடந்துகொண்டிருந்தான். காலையில் போட்ட பட்டு ஜிப்பாவில் சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. குமுதாவைக் கண்டதும் நேராக அவளிடம் வந்தான்.

"காலையிலயே விழுந்திருக்காரு. நீங்க சாயங்காலம் வரைக்கும் படுக்கப் போட்டு வச்சிருக்கீங்க!"

"ஆமா தம்பி."

"யாருக்கும் ஒரு போன் கூடவா பண்ணல? எனக்கு வேணாம், அக்காவுக்காச்சும்?"

குமுதா தரையைப் பார்த்தாள்.

"வாயத் தொறந்து பேசுங்க! என்னா நெனச்சீங்க? பிள்ளைங்க கொண்டாந்து விட்டுட்டா கேக்க நாதியில்லைன்னா?"

"என் தப்புதான் தம்பி."

"தப்பா? விட மாட்டேன் உங்கள. போலீஸ்ல ரிப்போர்ட்டு போடுவேன். அந்த ஹோம இழுத்து மூட வைக்கல, நான் சபாபதி மகன் இல்ல!"

அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குமுதா நிமிரவே இல்லை. மாஸ்டரின் திட்டுக்குக்கூட வாய்க்கு வாய் பதில் சொல்கிற குமுதாதான் இவள். மலர்விழி சுவரோரம் நின்றாள். வலது கால் தரையை அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. இல்லாத பிரேக்.

மூடினால் அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரும் எங்கே போவார்கள்? இந்த அக்கா எங்கே போவாள்? அம்மா போன பிறகு அப்பாவுக்குச் சோறு ஊட்டி, சவரம் செய்துவிட்டு, மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடிக்கும்போது பழைய கார்க் கதை பேசிச் சமாளித்தவள் இவள். மகள் செய்யவேண்டியதை எல்லாம் செய்தாள். இன்று மகளுடைய பழியையும் சேர்த்துச் சுமக்கிறாள்.

கதவு திறந்து சீனப் பெண் டாக்டர் வந்தார். ஆங்கிலமும் மலாயும் கலந்து மெதுவாகவே பேசினார். மூளைக்குள் ரத்தக் கசிவு, நிறையச் சேர்ந்துவிட்டது. மாத்திரையின் வீரியத்தை முறிக்க மருந்து ஏற்றியிருக்கிறார்கள். மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்துப் பார்க்கலாம். செய்தாலும் கண் விழிப்பார் என்று சொல்ல முடியாது, மேசையிலேயே போய்விடவும் கூடும். செய்யாவிட்டால் இன்று இரவைத் தாண்ட மாட்டார்.

"செய்யுங்க டாக்டர்" என்றான் சுகுமாறன்.

டாக்டர் தலையசைத்தார். விழுந்தது எப்போது, விழுந்த பிறகு கடைசியாகத் தெளிவாகப் பேசியது எப்போது என்று கேட்டார். அறுவை சிகிச்சை செய்பவர்களுக்கு அது சரியாகத் தெரிய வேண்டுமாம்.

"இவங்களக் கேளுங்க" என்று சுகுமாறன் குமுதாவைக் காட்டினான். "இவங்களுக்குத்தான் தெரியும். யாருக்கும் சொல்லாம வச்சிருந்தாங்களே."

குமுதா வாயைத் திறப்பதற்குள் மலர்விழி முன்னால் வந்தாள்.

"காலையில டாக்டர். பத்து மணி இருக்கும், நிச்சயத்துல தட்டு மாத்துற நேரம். அப்போ நல்லா பேசியிருக்காரு, தலையில படலன்னு சொல்லியிருக்காரு. எனக்கு உடனே போன் வந்துச்சு. நான்தான் படுக்க வைக்கச் சொன்னேன்."

டாக்டர் கேட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். கதவு ஆடி ஆடி நின்றது.

"போன் வந்துச்சா?" என்றான் சுகுமாறன். "உனக்கா?"

"வந்துச்சு. அப்பா உட்கார்ந்துட்டார்னு சொன்னாங்க. அப்படிச் சொல்லுங்கன்னு அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்டா. அந்த வார்த்தையக் கேக்க முடியாதுன்னு கெஞ்சினேன். சொல்லிக் கொடுத்துட்டு நானே மறந்துட்டேன். உட்காரட்டும், ஒண்ணும் வேணாம்னு சொல்லிட்டேன். அவங்க மேல கோவப்படாத சுகு. திட்டுறதுன்னா என்னையத் திட்டு."

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவன் அவளை ஒரு அந்நியப் பெண்ணைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு குமுதா பக்கம் திரும்பினான். இந்தத் தடவை குரல் வேறாக இருந்தது.

"அக்கா, அவரு உள்ளதானே உட்கார்ந்திருந்திருப்பாரு? எதுக்கு வாசலுக்கு வந்தாரு?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு தம்பி? விடுங்க."

"சொல்லுங்க."

"வேணாம் தம்பி."

"சொல்லுங்கக்கா!"

குமுதா மலர்விழியைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள். "கார் சத்தம் கேட்டுச்சு. பக்கத்து வீட்டுக்காரரு காரு. 'சுகு வந்துட்டான், கிளட்ச இப்படிப் போட்டு மிதிக்கிறவன் அவன் ஒருத்தன்தான்'னு சொல்லிச் சிரிச்சிக்கிட்டே எழுந்தாரு. நான் குச்சிய எடுத்துட்டு வர்றதுக்குள்ள படிக்குப் போயிட்டாரு. காலையிலேர்ந்து வாசல் கேட்டு பக்கம்தான் காது."

சுகுமாறன்தான் போன் பண்ணிச் சொல்கிறேன் என்றவன், பண்ணாதவன். சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து தரையில் குந்தினான். ஜிப்பாவின் முனையை வாயில் திணித்துக்கொண்டு, நாற்பது வயது ஆண்பிள்ளை, சத்தம் வராமல் அழுதான். மலர்விழி அவன் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் கை வைத்தாள். அவன் அந்தக் கையைத் தட்டிவிடவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

ஒரு தள்ளுவண்டி அவர்களைத் தாண்டிப் போயிற்று. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பாவை எந்தக் கதவு வழியாகக் கொண்டுபோனார்கள் என்றுகூட அவர்களுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் மலர்விழியின் கைப்பேசி அடித்தது. யுகா.

"ம்மா! தாத்தா சாப்பிட்டாரா? பாயாசம் பிடிச்சிருந்துச்சா? நீங்க போனீங்க, ஒரு போனையும் காணோம். இங்க எல்லாரும் கேக்குறாங்க. இருங்க, ஸ்பீக்கர்ல போடுறேன்."

பின்னணியில் சிரிப்புச் சத்தம், தேநீர்க் கோப்பைகளின் சத்தம். யாரோ விமலனைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். பிறகு உஷாராணியின் குரல். "சம்பந்தி, பெரியவரு எப்படி இருக்காரு? அவரு ஆசீர்வாதம் இல்லாமப் போச்சேன்னு மனசுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. நல்லா இருக்காருதானே?"

குமுதா எதிரே நின்று வேகமாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம், இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். காலையில் நிச்சயமான பெண். நிச்சயத்துக்கு ஏற்றிய விளக்குகூட இன்னும் அணைந்திருக்காது.

மலர்விழியின் வாயில் எத்தனையோ சொற்கள் வரிசை கட்டி வந்தன. களைச்சிருக்கார். படுத்திருக்கார். கொஞ்சம் முடியல. எல்லாமே நல்ல பேச்சு. எல்லாமே பதமான சொற்கள். ஒரு பதமான சொல் இன்று என்ன செய்தது என்பது உள்ளே, அந்தக் கதவுக்குப் பின்னால், கிடக்கிறது.

வலது காலைத் தரையிலிருந்து எடுத்தாள்.

"யுகா" என்றாள். "தாத்தா விழுந்துட்டாரு கண்ணு. தலையில அடி. பிழைப்பாரான்னு தெரியல. நீ உடனே கிளம்பி வா."

அந்தப் பக்கம் கோப்பைகளின் சத்தமும் சிரிப்பும் சட்டென்று நின்றன. பிறகு, யுகா ஒரு வார்த்தை சொல்வதற்குள், யாரோ ஸ்பீக்கரை அணைத்தார்கள்.